எண்ணூறு மீட்டர் ஓடிய நெஞ்சுவலி

ஜூன் 14

அன்புள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. நான், உன் அண்ணி, உன் மகள் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். எனக்கு மட்டும் முழங்கால் பிடிக்கிறது. நாள் முழுக்கச் சம்மணம் போட்டு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவனுக்கு அது வராமல் வேறு யாருக்கு வரும்? உன் கண் எப்படி இருக்கிறது? நாள் முழுக்க ஃபாக்டரியில் பூதக்கண்ணாடி வைத்து சர்க்யூட் போர்டையே பார்க்கிறவள், ரூமுக்கு வந்த பிறகாவது கண்ணை மூடிக்கொண்டு இரு.

போன் இருக்கக் கடுதாசி எதற்கு என்பாய். போனில் பேசினால் உன் மகள் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாமா, அப்படி நடக்கவே இல்லை" என்று வரிக்கு வரி குறுக்கே வருகிறாள். மனிதன் ஒரு சேதியை முழுசாகச் சொல்ல முடியவில்லை. தவிர, உனக்கு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிற பத்து நிமிஷம் அவளுக்கே போதவில்லை.

இங்கே பள்ளிக்கூடத்தில் புது ஏற்பாடு வந்து இரண்டு மாதம் ஆகிறது. வருகை, மார்க், லீவு, எடை, உயரம் எல்லாம் ஒரே ஆப்பில். அதற்காகக் கூட்டிய பெற்றோர் கூட்டத்துக்கு உன் இடத்தில் நான்தான் போனேன். ஆயிரம் பேர் இருப்பார்கள். என்னைக் கண்டதும் தலைமையாசிரியை எழுந்தே நின்றுவிட்டார். கம்பெனிக்காரத் தம்பி ஒருவன், கழுத்தில் டை, கையில் டேப்லெட், "சார், பன்னிரண்டு இடத்துல சம்மதம்னு தொட்டாப் போதும்" என்றான். மற்றவர்கள் கண்ணாடியைத் தேடுவதற்குள் நான் பன்னிரண்டையும் தட்டிவிட்டேன். "உங்க வேகத்துல யாரும் முடிக்கலை சார்" என்று கை கொடுத்தான். ஏழாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன் நான். கூட்டினால் பதினாலு வருகிறது, அது சும்மாவா?

நம் டைனமோ, அதுதான் உன் மகள், விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வெளியூர் மைதானத்தில் எண்ணூறு மீட்டர் ஓடினாள். முதல் இடம். இரண்டாவது வந்தவள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று கேள்வி. வெளிப் போட்டிக்கெல்லாம் லீவு கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நான் விடுவேனா? இதுவரை மூன்று தடவை ஆப்பில் லீவு கேட்டேன். மூன்று தடவையும் கண்ணிமைப்பதற்குள் பச்சை விளக்கு. என்ன காரணம் போட்டேன் என்று கேட்காதே, அது தொழில் ரகசியம்.

உன் அண்ணன்,
சுற்றின மோட்டார் எரிந்து திரும்பி வராதவன்

ஜூலை 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். கண் எரிச்சல் இருக்கிறது, சொட்டு மருந்து விடுகிறேன். உன் முழங்காலுக்குப் பலகை ஒன்று போட்டு உட்கார். அண்ணியின் இருமல் நின்றதா? நீ எழுதவில்லையே தவிர, போனில் எனக்குக் கேட்டது.

நீ ஆயிரம் பேர் என்றால் நூறு என்று படித்துக்கொள்கிறேன். தலைமையாசிரியை எழுந்து நின்றது மைக்கைச் சரி செய்யவாக இருக்கும்.

அந்த ஆப் என் போனிலும் இருக்கிறது. பார்த்தேன்.

செப்டம்பரில் விளையாட்டு விடுதித் தேர்வு. ஓடினால் அரசுச் செலவில் படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் அவளுக்குக் கிடைக்கும். என் ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம். அவள் அங்கே சேர்ந்துவிட்டால் நான் இங்கே நிம்மதியாக இருப்பேன். வேறு எதையும் மறந்தாலும் இதை மறக்காதே.

தொழில் ரகசியம் இருக்கட்டும், என்ன காரணம் போட்டாய்?

தங்கை

ஜூலை 24

தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். இருமல் போயே போய்விட்டது. டாக்டரே, "இப்படி ஒரு நுரையீரலை நான் பார்த்ததில்லை" என்று அண்ணியிடம் சொன்னார்.

விடுதி விண்ணப்பத்தை முடித்துவிட்டேன். முன்னெல்லாம் இதற்கு ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். இப்போது மாணவி எண்ணை மட்டும் கேட்டார்கள். மற்றது எல்லாம் ஆப்பிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்வார்களாம். என்ன வசதி பார்! அங்கிருக்கும் பயிற்சியாளர் அம்மாவையும் பார்த்து வந்தேன். முன்னாள் ஓட்டக்காரி, கழுத்தில் விசில், பேச்செல்லாம் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. டைனமோ வார்ம்-அப் செய்வதைப் பார்த்தே, "இவளை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டார். நான் சிரித்துக்கொண்டேன். வளர்த்த கை எது என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

கொசுறாக ஒரு சேதி. என் போனுக்கு இப்போதெல்லாம் பெரிய பெரிய மருத்துவமனையிலிருந்து அழைப்பு. "சார், உங்க குடும்பத்துக்கு இதயப் பரிசோதனையில சலுகை" என்கிறாள் ஒரு பெண். சத்துப் பானக் கம்பெனிக்காரனும் விடுவதில்லை. ஊரில் நாலு பேர் நம்மைப் பற்றி நல்லபடியாகச் சொல்லியிருப்பார்கள்.

உன் கேள்விக்குப் பதில் சொல்ல இடம் இல்லை, தாள் முடிந்துவிட்டது.

அண்ணன்

ஆகஸ்ட் 27

தங்கச்சிக்கு,

சுகத்தையெல்லாம் பிறகு விசாரித்துக்கொள்கிறேன். வயிறு எரிகிறது, எழுதியே தீர வேண்டும்.

விடுதியிலிருந்து பதில் வந்துவிட்டது. உன் மகளைத் தேர்வு ஓட்டத்துக்கே அழைக்கவில்லை. ஓடித் தோற்றால் போகட்டும். ஓடவே விடவில்லை! அவள் பெயருக்கு நேரே ஒரு சிவப்பு வட்டம். "உடல்நல இடர்: அதிகம். இதயக் கோளாறு." ஆப்பில் அவளுக்கென்று இருக்கும் பக்கத்தில் இது எங்கிருந்தோ ஏறியிருக்கிறது.

நேரே தலைமையாசிரியை அறைக்குப் போனேன். அங்கே அந்த டை கட்டிய தம்பியும் உட்கார்ந்திருந்தான். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், ஒரு சொல் கூட்டவில்லை. சந்தேகம் இருந்தால் வாசலில் நின்ற உன் மகளைக் கேள்.

"மேடம், இதை விடுதிக்கு யார் குடுத்தது?"

"ஆப்ல இருக்கிறதுதான் சார் போகும். நீங்கதானே சம்மதம் குடுத்தீங்க."

"நான் சம்மதம் குடுத்தது பள்ளிக்கூடத்துக்கு."

டைத் தம்பி டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினான். "பள்ளியும் அதன் கூட்டாளி நிறுவனங்களும்னு போட்டிருக்கு பாருங்க சார். நாலாவது சம்மதம்."

"கூட்டாளியா? யாருப்பா அது? என் கல்யாணத்துக்கு வந்தவங்களா?"

"மொத்தம் ஆறு பேர் சார்" என்று பெருமையாக அடுக்கினான். விளையாட்டு விடுதி, காப்பீட்டுக் கம்பெனி, தனிப்பயிற்சிக் கம்பெனி, படிப்புக் கடன் கம்பெனி, மருத்துவமனை ஒன்று, சத்துப் பானம் விற்கிறவன். சத்துப் பானம், தங்கச்சி! உன் மகளின் நெஞ்சுக்கூட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள, மாவு விற்கிறவனுக்கு என்ன உரிமை?

"ஒரு குழந்தையோட விஷயத்தை ஆறு கடையில கூவிட்டு வந்திருக்கீங்க, இங்க உக்காந்து டீ குடிக்கிறீங்க" என்றேன். தலைமையாசிரியை டீயைக் கீழே வைத்தார். "எனக்கே இன்னைக்குத்தான் தெரியும் சார், ஆறு பேர்னு" என்றார். பாவம், அந்த அம்மாள் முகம் வெளுத்துவிட்டது. எனக்கும் மேலே கத்த மனமில்லை.

ஆனால் நான் ஓய மாட்டேன். ஊரையே கூட்டுவேன்.

கொதிப்புடன்,
அண்ணன்

செப்டம்பர் 4

அண்ணா,

சுகமா என்று கேட்க எனக்கும் இன்று வரவில்லை.

என் மகளுக்கு இதயத்தில் என்ன? நேராகச் சொல். பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தாளா? டாக்டர் பார்த்தாரா? நான் பயப்படுவேன் என்று நீயும் அண்ணியும் சேர்ந்து மறைக்கிறீர்களா? அவள் அப்பா போனதும் நெஞ்சால்தான். அது உனக்கும் தெரியும்.

"எங்கிருந்தோ ஏறியிருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். தானாக ஏறுவதற்கு அது என்ன எறும்பா? ஏற்றியது யார்?

உடனே எழுது.

தங்கை

செப்டம்பர் 17

அண்ணா,

இரண்டு வாரமாகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவளைக் கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா, மாமாவைக் கேளு" என்கிறாள். மாமா கடைக்குப் போயிருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஏது கடை?

இந்த வாரம் மூன்று போர்டில் பிழையைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். சூப்பர்வைசர் கூப்பிட்டு விசாரித்தார். என் குழந்தைக்கு நெஞ்சில் என்னவோ என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் போலிருந்தது.

நாள் கணக்கில் யோசித்து அழகாக எழுத வேண்டாம். இருக்கிறதா, இல்லையா? ஒரே சொல் போதும்.

தங்கை

செப்டம்பர் 25

அம்மாடி,

இல்லை.

உன் மகளுக்கு ஒன்றுமே இல்லை. பொது மருத்துவமனையில் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்த தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். டாக்டர் கையெழுத்து கீழே. "ஓட்டக்காரியோட இதயம், அருமையா இருக்கு" என்றார். இதை நான் கூட்டிச் சொல்லவில்லை, தாளிலேயே பார்.

ஏற்றியது நான்தான்.

மூன்று வாரம் பேனாவைக் கையில் எடுத்ததும் வைத்ததுமாக இருந்தேன். இதோ கேள். அந்த ஆப்பில் லீவுக்கு எழுத முடியாது, பட்டியலிலிருந்து காரணத்தைத் தொட வேண்டும். காய்ச்சல் என்று தொட்டால், "எத்தனை டிகிரி, மருத்துவர் சீட்டு எங்கே" என்று நாலு கேள்வி. வயிற்றுவலிக்கு மூன்று கேள்வி. கீழே போய்ப் பார்த்தேன், "இதயம்" என்று ஒன்று இருந்தது. தொட்டேன். ஒரு கேள்வி இல்லை, உடனே பச்சை. ஆகா, இதுவல்லவோ வழி என்று அதையே நாலு தடவை தொட்டேன். நெஞ்சுவலி என்று லீவு வாங்கி எண்ணூறு மீட்டர் ஓடி ஜெயித்தவள் உலகத்திலேயே உன் மகள் ஒருத்திதான். அவளுக்கு இது தெரியாது. விடுதிக் கடிதம் வந்த அன்றுதான் சொன்னேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை.

நீ எப்படிப் பயந்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நான்தானே. அதை நினைத்துத்தான் எழுத முடியவில்லை. என்ன வேண்டுமானாலும் திட்டு.

ஆனால் என் பக்கத்தையும் கேள். நாமும்தான் லீவு லெட்டர் எழுதினோம். எனக்கு வராத காய்ச்சலா? வாத்தியார் படித்துப் பார்ப்பார், என் மூஞ்சியைப் பார்ப்பார், பொய் என்று தெரிந்தே கம்பியில் குத்தி வைப்பார். வருஷக் கடைசியில் கட்டோடு எடைக்குப் போய்விடும். ஒரு நாளைக்கு மட்டும் சொன்ன பொய், அந்த நாளோடு செத்தது. நான் ஒரு டீச்சரிடம் பொய் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். அதை ஆறு பேரிடம் சொல்லச் சொல்லி இந்த ஆப்காரனை யார் கேட்டது? என் பொய்யை என்னைவிட வேகமாக ஊருக்குள் கொண்டுபோய், பதினைந்து வயசுப் பெண் நெற்றியில் ஒட்டிவிட்டு, சம்மதம் கொடுத்தாயே என்கிறான்!

டாக்டர் தாளைக் கொண்டுபோனேன். அதை ஏற்ற ஆப்பில் இடம் இல்லையாம். நோய் வந்ததைச் சொல்ல நாற்பது கட்டம் இருக்கிறது, வரவில்லை என்று சொல்ல ஒரு கட்டம் இல்லை. ஒரு வரியை மட்டும் அழிக்கவும் முடியாதாம். மொத்தமாக அழிக்கலாம், இல்லாவிட்டால் மொத்தமாக வைத்துக்கொள்ளலாம். சரி, மொத்தமாக அழி என்றேன். அதற்குத் தாயின் கைரேகை, முகப் படம், வேலை செய்யும் இடத்தின் விலாசம் வேண்டுமாம். திருடியதைத் திருப்பிக் கொடுக்க, மிச்சத்தையும் கொடு என்கிறான்! நான் போட்ட சத்தத்தில் தலைமையாசிரியையே என் பக்கம் சாய்ந்து, "அம்மா கைப்பட ஒரு கடிதம் எழுதினாப் போதும், நான் பார்த்துக்கறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

நவம்பர் 2 இரண்டாவது தேர்வு. அதற்குள் சிவப்பு வட்டம் போனால் ஓட விடுவதாகப் பயிற்சியாளர் அம்மா சொல்லிவிட்டார். "அழித்துவிடுங்கள்" என்று இரண்டு வரி எழுதி உடனே அனுப்பு. அதன் பிறகு ஆப்பிலிருந்து வருகைச் செய்தி, படம், மார்க் எதுவும் வராது. தொலையட்டும், சனியன்.

தலை குனிந்து,
அண்ணன்

அக்டோபர் 5

அண்ணாவுக்கு,

தாளை வாங்கியதும் நான் அழுதேன், ஹாஸ்டலில் எல்லோரும் பயந்துவிட்டார்கள். பிறகு சிரித்தேன், இன்னும் பயந்துவிட்டார்கள். உன்னைத் திட்டுவதை நேரில் வைத்துக்கொள்கிறேன்.

இங்கே மழை. கண் பரவாயில்லை.

அந்த ஒரு வரியை மட்டும் எடுக்க வழியே இல்லையா? இன்னொரு தடவை கேட்டுப் பார். வருகை, மார்க் போன்றவை இருந்துவிட்டுப் போகட்டுமே, அதனால் என்ன கெடுதல்? அவசரப்பட வேண்டாம் என்று தோன்றுகிறது. தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறதே.

அண்ணிக்கு என் அன்பைச் சொல்.

தங்கை

அக்டோபர் 15

தங்கச்சிக்கு,

நாங்கள் நலம், நீ நலமா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. எறும்பா என்று கேட்டு என்னைத் துளைத்தவள், இப்போது இரண்டு வரி எழுத இழுத்தடிக்கிறாய். என்ன கெடுதல் என்றா கேட்கிறாய்? நேற்று நடந்ததைக் கேள்.

மறுபடி பெற்றோர் கூட்டம். நூறு பேர். எண்ணிப் பார்த்தேன், தொண்ணூற்றாறு. டைத் தம்பி பேசிக்கொண்டிருக்கும்போது எழுந்தேன். சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, "நான் இன்னார், என் தங்கை மகளுக்கு இல்லாத இதய நோயை நாலு தடவை போட்டேன், நான் சொன்னது பொய்" என்று சத்தமாகப் படித்தேன். என் வாழ்க்கையில் நான் நடுங்கிப் பேசிய ஒரே பேச்சு அது.

முதலில் தையல்காரர் எழுந்தார். "உண்மையைச் சொல்றேங்க. என் பையனுக்கு நான் ரெண்டு தடவை மஞ்சக்காமாலை போட்டிருக்கேன். துணி எடுக்கக் கூட்டிட்டுப் போனேன்."

பஸ் கண்டக்டரின் மனைவி, "எங்க மாமனார் அந்த ஆப்ல இதுவரைக்கும் நாலு தடவை செத்திருக்கார். மனுஷன் இதோ பின் வரிசைல உக்காந்திருக்கார்" என்றாள். கிழவர் கையைத் தூக்கிக் காட்டினார். கூரை பறக்கிற சிரிப்பு. ஆளுக்கு ஆள் எழுந்து ஒப்புக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பட்டியலை நம்பினால் நம் ஊரில் பாதிப் பேர் உயிரோடு இல்லை.

அப்போது மூலையிலிருந்து ஒரு அம்மா. காய்கறிக் கடை வைத்திருக்கிறவள், அதிகம் பேசாதவள். "நான் பொய் போடலைங்க" என்றாள். "என் பொண்ணுக்கு மாசா மாசம் வலி தாங்காது. அதுக்கும் ஒரு கட்டம் இருந்துச்சு, உண்மையைத்தான் தொட்டேன். அந்தத் தேதியெல்லாமும் ஆறு பேருக்குப் போயிருக்கா தம்பி?"

டைத் தம்பி தண்ணீர் குடித்தான்.

"கேக்குறேன்ல? போயிருக்கா?"

"சிஸ்டம்ல எல்லாமே ஒண்ணாத்தான்மா போகும்" என்றான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. தலைமையாசிரியை மேடையை விட்டு இறங்கி வந்து அந்த அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. என்னுடையது பொய், தங்கச்சி, நாளைக்குச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அவளுடையது உண்மை. அதை எப்படித் திரும்ப வாங்குவது?

அங்கேயே உட்கார்ந்து எழுபத்து மூன்று பேர் அழிக்கச் சொல்லிக் கைப்பட எழுதிக் கொடுத்தார்கள். உன் மகளுடையது மட்டும் இல்லை. ஆரம்பித்து வைத்தவன் நான், என் வீட்டுத் தாள் இல்லை! இதில் இன்னொரு கொடுமை, நான் படித்த வாக்குமூலத்தையும் விடவில்லை. இன்று ஆப்பில் அவள் பக்கத்தில் புதிதாக ஒரு வரி: "பாதுகாவலர் தரும் தகவல் நம்பத்தக்கதல்ல."

பதினெட்டு நாள்தான் இருக்கிறது. தினமும் காலையில் மைதானத்தைச் சுற்றுகிறாள். "அம்மா எழுதிட்டாங்களா?" என்று கேட்கிறாள். நான் என்ன பதில் சொல்ல?

அண்ணன்

அக்டோபர் 20

அண்ணா,

கடிதம் இத்துடன் இருக்கிறது. இரண்டு வரிதான், மூன்று தாள் வீணானது. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

உன்னைப் பற்றி ஏறிய அந்த வரிதான் என் மகள் பக்கத்தில் இதுவரை ஏறிய ஒரே உண்மை. அதுவும் போகப் போகிறதே என்று வருத்தமாக இருக்கிறது.

ஏன் இழுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். அவளிடம் சொல்லாதே.

இங்கே கேட்டில் போனை வாங்கி இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அதற்குச் சற்று முன்னால்தான் ஆப்பிலிருந்து செய்தி வரும். "உங்கள் மகள் பள்ளிக்கு வந்துவிட்டார்." கூடவே பள்ளிக்கூட வாசல் கேமரா எடுத்த படம். வரிசையில் பின்னால் நிற்பவர்கள் இடிப்பார்கள், பார்த்து முடிக்காமல் நான் போனைக் கொடுப்பதில்லை. தலை வாரியிருக்கிறாளா, சட்டைப் பித்தானைப் போட்டாளா என்று பார்ப்பேன். ஆறு மாதத்தில் தாடை மாறிவிட்டது அண்ணா, அவள் அப்பா ஜாடை வந்துவிட்டது. நீ எழுதியா இதெல்லாம் எனக்குத் தெரிந்தது? அதை வைத்துக்கொண்டுதான் பத்து மணி நேரம் போர்டு பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை படம் வராது, அன்றைக்கு என்னவோ போலிருக்கும்.

ஆகஸ்டில் ஒரு நாள் கண் வீங்கியிருந்தது. அழுத முகம். ஏன் என்று நான் கேட்கவே இல்லை. கேட்டால் தினமும் பார்ப்பது தெரிந்துவிடுமே.

உன் கடிதத்தில் அந்தக் காய்கறிக்கடை அம்மா பேசியதைப் படித்தேன். ஆறு பேர் என்று எழுதியிருந்தாய். என் மகளுக்குத் தெரியாமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஏழாவது ஆள் நான்.

அழிக்கச் சொல்.

தங்கை

நவம்பர் 6

தங்கச்சிக்கு,

சுகம், சுகம், மகா சுகம். முழங்கால் வலியே மறந்துபோனது.

உன் மகளுக்கு விடுதியில் இடம் கிடைத்துவிட்டது! சிவப்பு வட்டம் 30ஆம் தேதி காலையில் போனது. 2ஆம் தேதி ஓடினாள். இரண்டு நிமிஷம் நாலு நொடி. பயிற்சியாளர் அம்மா கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். (அம்மா, 2 நிமிஷம் 17 நொடி. மூன்றாவது இடம். முதல் ஐந்து பேரை எடுத்தார்கள். மாமா முகவரி எழுத என்னிடம் தாளைக் கொடுத்தார், திருத்திவிட்டேன்.)

பள்ளிக்கூடம் அந்த ஆப்பைத் தூக்கிவிட்டது. லீவு லெட்டர் மறுபடியும் தாளில்தான். ஆனால் கம்பெனியிலிருந்து வந்த பதிலைப் படித்தால் உனக்கும் எரியும். "எங்களிடம் இருந்ததை அழித்துவிட்டோம். கூட்டாளிகளிடம் ஏற்கெனவே சென்றதற்கு நாங்கள் பொறுப்பல்ல." விடுதி ஒன்றுதான் அழித்தது. மற்ற ஐந்து பேரிடம் உன் மகள் இன்னும் இதய நோயாளி. நாளைக்கு அவள் காப்பீடு கேட்டால், கடன் கேட்டால், அந்த நாலு லீவும் எழுந்து வந்து நிற்கும். ஐந்து பேருக்கும் பதிவுத் தபால் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. காய்கறிக்கடை அம்மாவுக்கும் சேர்த்து நானே எழுதுகிறேன், அவள் கையெழுத்துப் போடுகிறாள். பதில் வரும்வரை எழுதுவோம். நேற்றும் அந்த மருத்துவமனைச் சலுகைக்காரி கூப்பிட்டாள். "அம்மா, நீங்க நினைக்கிற நோயாளி மைதானத்துல இருக்கா, வந்து பிடிச்சுப் பாருங்க" என்று வைத்துவிட்டேன்.

ஒரு தப்பு செய்துவிட்டேன். உன் கடிதத்தை அவளிடம் காட்டிவிட்டேன். என்னால் முடியவில்லை.

அண்ணன்

நவம்பர் 23

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்லா இருக்கேன். நீ எப்படி இருக்கே, கண் எப்படி இருக்கு? இங்கே போன் ஞாயிற்றுக்கிழமைதான் தருவாங்க, அதனால் எழுதறேன்.

காலையில் ஐந்தே முக்காலுக்கு எழுந்திருக்கோம். ரூமில் நாலு பேர். என் கட்டில் ஜன்னல் பக்கம். முடியைத் தோள் வரைக்கும் வெட்டிட்டேன், ஓடும்போது முகத்தில் அடிக்குது. நீ படத்தில் பார்த்த முகம் இப்போ இல்லை, இன்னும் கறுத்துட்டேன். வலது கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்து வளர்ந்துட்டு இருக்கு. வலிக்கலை. ஐந்து கிலோமீட்டர் ஓடினதும் எனக்குப் பசிக்கிற பசியைப் பார்த்து சமையல்காரர், "உனக்கு மட்டும் தனி அடுப்பு வைக்கணும்" என்றார்.

பள்ளிக்கூட வாசலில் கேமரா இருக்குன்னு தெரியும், அந்தப் படம் உனக்கு வருதுன்னு தெரியாது. தெரிஞ்சிருந்தா சிரிச்சிருப்பேன். அப்புறம் யோசிச்சேன், தினமும் சிரிக்க வேண்டி வந்திருக்கும். அது கஷ்டம்.

உன்மேல் கோபம் இல்லை. மாமா மேல் கொஞ்சம் இருக்கு, அது போய்டும்.

வாரா வாரம் எழுதறேன். என்ன வேணும்னாலும் கேளு, நானே சொல்றேன்.

ஆகஸ்டில் கண் வீங்கியிருந்தது ஏன்னு மட்டும் கேக்காதே. அது எனக்கே எனக்கு.

உன் மகள்